ஆமை புகுந்த வீடு



மாடித் தோட்டம் போட்டது, லவ் பேர்ட்ஸ் வளர்த்தது, வீட்டுக் கோழிக்குக் கூண்டு கட்டியது என்று எத்தனையோ சகோதரிகள் இங்கே எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஓர் ஆமைக்கு இடம் கட்டிய கதை. "ஆமையா!" என்று முகத்தைச் சுளிக்காமல் கடைசி வரை படியுங்கள். நம்மூரிலும் ஆமை வளர்க்கும் ஆசை சிலருக்கு உண்டு. அவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது.

நான் கும்பகோணம் பக்கத்துப் பெண். பத்தாவது வரைதான் படிப்பு. கல்யாணமாகி இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற ஊருக்கு வந்து பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கிடங்கில் வேலை. இரண்டு பிள்ளைகள். வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தோட்டம். கறிவேப்பிலை வராது, கொத்தமல்லி வரும் என்கிற அளவுக்குத்தான் எனக்கும் அந்தத் தோட்டத்துக்கும் சம்பந்தம் இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தனியாக இருந்தார். வயது எண்பதைத் தாண்டியவர். என் பெரியவள் பிறந்தபோது எனக்குக் கூடமாட உதவி செய்ய இங்கே யாரும் இல்லை. அப்போது சூப் செய்து கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். அவரிடம் ஓர் ஆமை இருந்தது. 1968-இல் சந்தையில் சில ஷில்லிங் கொடுத்துத் தன் மகனுக்காக வாங்கியதாம். பெயர் டாமி. மகன் வளர்ந்து, கல்யாணமாகி ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டார். டாமி மட்டும் பாட்டியோடு தங்கிவிட்டது.

2023 ஏப்ரலில் பாட்டிக்கு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. முழங்கால் முடியாமல் போனதால் மாடிப்படி ஏற இறங்க முடியவில்லை. ஆனால் "டாமிக்கு ஒரு வழி பண்ணாமல் நான் போக மாட்டேன்" என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். இல்லத்தில் ஆமை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. மகனும் தொலைபேசியில் கெஞ்சிப் பார்த்தார். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார், "நீ வைத்துக்கொள்கிறாயா?" என்று. ஐம்பத்தைந்து வருஷம் வளர்த்தவர் கேட்கிறார். நான் என்ன சொல்வேன்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தன் அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான்! அன்று ராத்திரியே நாகப்பட்டினத்திலிருந்து போன்.

"ஏம்மா, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு உனக்குத் தெரியாதா? அரும்பாடுபட்டு இப்பத்தான் வீட்டுக் கடன் கட்டிட்டு வர்றீங்க. இந்த வேண்டாத வேலை எதுக்கு?"

எங்கள் பள்ளிக்கூடத் தமிழய்யா இந்தப் பழமொழிக்கு வேறு அர்த்தம் சொல்வார். குடியைக் கெடுப்பது குளத்து ஆமை இல்லை. பொறாமை, கல்லாமை, முயலாமை, இந்த ஆமைகள்தான் என்பார். அதை அத்தையிடம் சொன்னேன். பாற்கடலில் மலையைத் தாங்கியதும் ஓர் ஆமைதானே என்றும் சொன்னேன். "நீ பேசுவே. ஜூன் மாசம் நான் அங்க வர்றப்ப அது வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது" என்று போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்றுதானே சொன்னார், தோட்டத்தில் இருக்கலாமே என்று எங்க வீட்டுக்காரர் சிரித்தார். உண்மையில் அதற்கும் தோட்டம்தான் வேண்டும். அங்கிருந்துதான் எங்கள் கட்டட வேலை ஆரம்பித்தது.

இடம் பார்த்தது

டாமி ஒன்பது அங்குல நீளம், இரண்டரைக் கிலோ எடை. பின்னந்தொடையில் முள் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். மொராக்கோ, துருக்கி மாதிரி வெயிலும் வறட்சியும் உள்ள நாடுகளில் வாழ்கிற இனம். அந்தக் காலத்தில் கப்பல் கப்பலாக இவற்றை இங்கே கொண்டுவந்து விற்றார்களாம். வரும் வழியிலும், வந்த முதல் குளிர்காலத்திலும் செத்துப்போனவை ஏராளம். 1984-இல்தான் அந்த இறக்குமதிக்குத் தடை வந்தது.

டாமியின் ஓட்டு ஓரத்தில் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அந்நாளில் அப்படித் துளை போட்டுக் கயிறு கட்டி, முளையடித்துத் தோட்டத்தில் மேயவிடுவார்களாம். வாங்கும்போதே இருந்தது என்றார் பாட்டி. ஓடு என்றால் நம் நகம் மாதிரி உணர்ச்சி இல்லாதது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓடு எலும்பு, அதில் உயிர் இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது, வலிக்கும். அந்த ஓட்டையைப் பார்த்தபோதே, கயிறும் வேண்டாம் கூண்டும் வேண்டாம், நாலு பக்கம் சுவர் வைத்து நடமாட இடம் கொடுப்போம் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் வேலையாக, தோட்டத்தில் எந்த மூலையில் வெயில் அதிகம் என்று கண்டுபிடிக்க வேண்டும். வடாம் காய வைக்க இடம் தேடுகிற மாதிரிதான்! காலை எட்டு மணி, பன்னிரண்டு, மூன்று, ஐந்து என்று நாலு வேளையும் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து, குச்சி நட்டு அடையாளம் வைத்தேன். ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. தெற்கு பார்த்த வேலியோரம் காலை முதல் சாயங்காலம் வரை வெயில். ஆமைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. வெயிலில் காய்ந்தால்தான் தின்னும், தின்றது செரிக்கும். ஆகவே இந்த ஊரில் வெயில்தான் அதற்கு முதல் சாப்பாடு.

அந்த இடத்தில் 14 அடி நீளம், 8 அடி அகலம் அளந்தோம். இவ்வளவு பெரிதாகவா என்று கேட்காதீர்கள். ஆமை மெதுவாக நடக்கும், ஆனால் நாள் முழுக்க நடக்கும்.

சுவர் எழுப்பியது

கம்பி வலை கட்டினால் செலவு குறையுமே என்றுதான் முதலில் யோசித்தோம். பாட்டி வேண்டாம் என்றார். வெளியே இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால், அந்தப் பக்கம் போயே தீர வேண்டும் என்று வலையில் முட்டிக்கொண்டே இருக்குமாம். மறைப்பாகச் சுவர் இருந்தால், உலகமே அவ்வளவுதான் என்று நிம்மதியாக இருக்கும் என்றார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில் பழைய தளக்கற்களைப் பெயர்த்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று வாசலில் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டடிச் சதுரம். 14, 8, 14, 8 கூட்டினால் 44 அடி. ஆக 22 கல். எங்க வீட்டுக்காரரும் அவர் நண்பரும் தள்ளுவண்டியில் ஏழெட்டு நடை அடித்தார்கள். சுற்றிலும் வாய்க்கால் மாதிரி வெட்டி, முக்கால் அடி மண்ணுக்குள்ளும் ஒன்றேகால் அடி வெளியேயும் இருக்கும்படி ஒவ்வொரு கல்லாக நட்டோம். மண்ணுக்குள் ஏன் என்றால், ஆமை தோண்டும். நாம் சமையலை முடித்து வருவதற்குள் சுவருக்கு அடியில் புகுந்து போய்விடும்.

மூலைகள்தான் ஆபத்தான இடம். இரண்டு பக்கச் சுவரிலும் மாறி மாறிக் காலை ஊன்றி மேலே ஏறிவிடும். மல்லாக்க விழுந்து, நிமிர முடியாமல் வெயிலில் கிடந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் நாலு மூலைக்கும் மேலே முக்கோணப் பலகை வைத்து மூடினோம்.

எங்கள் தோட்டத்து மண் களிமண். மழை பெய்தால் சேறு. அதில் ஆமை இருந்தால் சளி பிடிக்கும். உள்ளே முக்கால் அடி தோண்டி, அடியில் சரளைக் கல் கொட்டி, மேலே தோட்ட மண்ணும் மணலும் கலந்து போட்டோம். தண்ணீர் ஒரு பக்கமாக வடிய, வாசல் தளத்துக்கு வாட்டம் கொடுக்கிற மாதிரி லேசாக ஒரு சரிவு. நடுவில் தட்டையான கற்கள் நாலைந்து. வெயிலில் கல் சூடேறும். அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். கரடுமுரடான கல்லில் நடந்தால் நகமும் தானாகத் தேயும்.

தண்ணீருக்கு அகலமான மண் தட்டு ஒன்றைத் தரை மட்டத்துக்குப் புதைத்தோம். ஆமையின் தாடை உயரத்துக்கு மேல் ஆழம் இருக்கக் கூடாது. அதிலேயே குடிக்கும், அதிலேயே அசிங்கமும் பண்ணும். தினமும் கழுவி ஊற்றுவது என் பொறுப்பு.

ராத்திரிக்கு ஒரு மரப்பெட்டி வீடு. மூன்றடிக்கு இரண்டடி. செங்கல் மேல் தூக்கி வைத்து, ஏற ஒரு சரிவுப் பலகை, உள்ளே காய்ந்த மண், ஒரு கதவு. சாயங்காலம் உள்ளே போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டே ஆக வேண்டும். இங்கே ஊருக்குள்ளேயே நரி திரியும், தெரியுமா? நம்மூரில் தெருநாய் மாதிரி இங்கே குப்பைத் தொட்டியைக் கிளறுவது நரிதான். எலியும் ஆமையின் காலைக் கடித்துவிடும்.

பெட்டிக்கு முன்னால் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு சின்ன முற்றம். மேகமூட்டமான நாட்களில் அங்கே கதகதப்பாக இருக்கும். ஆனால் ஒன்று. கண்ணாடி வழியாக வெயிலின் சூடு வருமே தவிர, எலும்புக்கும் ஓட்டுக்கும் பலம் தருகிற புற ஊதாக் கதிர் பெரும்பாலும் தடைபட்டுவிடும். அதனால் கூரைக்கு வெளியே நேர் வெயிலில் அது நடமாட வேண்டும். வெயிலே தலைகாட்டாத வாரங்களுக்கு, அந்தக் கதிரைத் தரும் விளக்கு ஒன்றை மாட்டியிருக்கிறோம்.

என்ன நட்டோம், என்ன போட்டோம்

நிழலுக்கு ரோஸ்மேரி, லாவண்டர் செடிகள். தின்பதற்குச் செம்பருத்தி, க்ளோவர், பிறகு டான்டலியன் என்று ஒரு மஞ்சள் பூக் களை. இங்கே எல்லாரும் மருந்தடித்துக் கொல்கிற களை அது. எங்கள் வீட்டில் மட்டும் விதை போட்டு வளர்க்கிறோம்! மருந்தடித்த இடத்தில் பறித்த எதையும் போடுவதில்லை. அரளி, டாஃபடில், ஃபாக்ஸ்க்ளவ், ஐவி, இவை விஷம். அடைப்புக்குப் பக்கத்திலும் அவை இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம்.

அந்தக் காலத்தில் இங்கே ஆமைக்குப் பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுப்பார்களாம். அது கூடாது. பழம், தக்காளி, நாய்க்குப் போடும் தீனி, எதுவும் ஆகாது. இலையும் களையும்தான் அதற்கு அமிர்தம். சுண்ணாம்புச் சத்துக்கு நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கொடுப்பார்களே, கணவாய் மீனின் ஓடு, அதில் ஒன்றை ஓரமாகப் போட்டு வைக்கிறேன். வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஆமையைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமையின் உடம்பில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி இருக்கலாம்.

டாமி கொடுத்த அதிர்ச்சி

இவ்வளவும் முக்கால்வாசி முடிந்திருந்தபோது பாட்டியின் வீடு விலை போனது. ஜூன் முதல் வாரத்தில் பாட்டி இல்லத்துக்குப் போனார். டாமி எங்கள் தோட்டத்துக்கு வந்தது. அடுத்த வாரமே அத்தையும் வந்து இறங்கினார். "ஆமைக்கு நாய்ப் பேரா வச்சிருக்காங்க?" என்று கேட்டதோடு சரி. பின்பக்கக் கதவைத் திறந்து தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வந்த சில நாட்களில் டாமி தின்பதை நிறுத்திவிட்டது. ஓர் இடத்தில் நிற்காமல் சுவரோரமாகவே சுற்றியது. பின்னங்காலால் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் பறிப்பதும், விட்டுவிட்டுப் போவதுமாக இருந்தது. இடம் மாறிய ஏக்கம் என்று எங்க வீட்டுக்காரர் சொன்னார். மூன்று நாள் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன்.

அந்த டாக்டரம்மா வாலையும் அடிவயிற்றுப் பக்க ஓட்டையும் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். படத்தைக் காட்டினார். உள்ளே வட்ட வட்டமாக ஐந்து முட்டை!

ஐம்பத்தைந்து வருஷமாக ஆண் என்று நினைத்து வளர்த்த டாமி, பெண்! பெண்ணுக்கு வால் குட்டையாகவும் அடிப்பக்கம் தட்டையாகவும் இருக்குமாம். இது இங்கே புதிதும் இல்லையாம். டெவன் பகுதியில் பௌடர்ஹாம் கோட்டையில் டிமோத்தி என்று பேர்போன ஓர் ஆமை இருந்தது. போர்க்கப்பலில் எல்லாம் போய்வந்தது. அது பெண் என்று 1926-இல்தான் கண்டுபிடித்தார்களாம். 2004-இல் இறந்தபோது அதற்கு சுமார் 160 வயது.

ஆண் துணை இல்லாமலே பெண் ஆமைக்கு முட்டை உண்டாகும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். ஆனால் உண்டான முட்டையை இட்டே ஆக வேண்டும். மனதுக்குப் பிடித்த இடம் கிடைக்கவில்லை என்றால் இடாமல் அடக்கி வைத்துக்கொள்ளும். நாளாக ஆக உள்ளேயே சிக்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். "நல்ல இடம் செய்து கொடுங்கள். சில நாள் பார்ப்போம். இடவில்லை என்றால் ஊசி, அதற்கும் வரவில்லை என்றால் அறுவை" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பாட்டி என்னை நம்பிக் கொடுத்த ஜீவன். அத்தைக்கு விஷயம் புரிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "புள்ளத்தாச்சியா அது?" என்பதுதான். அதற்குப் பிறகு நடந்ததை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

அத்தை பிறந்த ஊர் கோடியக்கரைப் பக்கம் கடலோரக் கிராமம். பங்குனி ஆமைகள் தை, மாசியில் ராத்திரி நேரம் கரையேறி மணலில் முட்டையிடுவதைச் சின்ன வயசில் எத்தனையோ தடவை பார்த்தவர். அந்த நாளில் முட்டையைத் தோண்டி எடுத்துத் தின்பவர்களும் உண்டாம். இப்போது வனத்துறை அவற்றைச் சேகரித்து, பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது.

செருப்பை மாட்டிக்கொண்டு நேராகத் தோட்டத்துக்கு வந்தார். மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"இது காஞ்ச மண்ணா இருக்கேம்மா. காஞ்ச மண்ல குழி நிக்காது, சரிஞ்சிடும். அது பறிக்கிறதும் விடுறதும் அதனாலதான். கீழ ஈரம் இருக்கணும், கொழகொழன்னும் இருக்கக் கூடாது. கையில புடிச்சா உருண்டையா நிக்கணும்."

அன்று சாயங்காலமே அத்தையும் நானும் என் பெரியவளும் சேர்ந்து அடைப்புக்குள் நல்ல வெயில் படும் இடத்தில் மண்ணும் மணலும் சரிபாதி கலந்து ஒரு மேடு போட்டோம். மேட்டின் உயரம் ஒன்றேகால் அடி, தெற்குப் பக்கம் சரிவு. ஆமை பின்னங்காலை முழுசாக நீட்டித் தோண்டினாலும் அடியில் களிமண் தட்டாத ஆழம் வேண்டும். பூவாளியால் நன்றாகத் தண்ணீர் தெளித்து, தட்டி விட்டோம். காலையும் மாலையும் கையில் பிடித்துப் பார்த்து ஈரம் சரிபார்த்தது அத்தைதான். நான் முறுக்கு மாவு பிசையும்போதுகூட அவர் அவ்வளவு கவனித்ததில்லை!

நான்காம் நாள் மதியம் இரண்டு மணிக்கு டாமி மேட்டில் ஏறியது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு, திரும்பியே பார்க்காமல், பின்னங்காலால் மட்டுமே மாற்றி மாற்றி மண்ணை எடுத்து எடுத்துப் போட்டது. வாய் குறுகி, அடி அகன்ற குடம் மாதிரி ஒரு குழி. அத்தை தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு முட்டையாக விழ, பின்னங்காலால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு அடுத்தது. ஐந்தும் வந்தது. பிறகு மண்ணைத் தள்ளி மூடி, தன் அடிவயிற்றாலேயே தட்டித் தட்டி மெழுகினாற்போல ஆக்கிவிட்டு இறங்கியபோது மணி ஐந்தரை.

அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பாவம், இத்தனை வருஷம் ஆம்பளைப் பேரை வச்சிக் கூப்பிட்டிருக்காங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் பங்குனி. ஊருக்குத் திரும்பும் வரை காலையில் காபி குடித்த கையோடு அதற்கு இலை பறித்துப் போட்டது அத்தைதான்.

முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாட்டியிடம் சொன்னபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ரோஜாச் செடிக்கு அடியில் கொத்தும்போது வெள்ளையாக உருண்டையாக எதையோ ஒருமுறை பார்த்தாராம். பையன் தொலைத்த பிங்பாங் பந்து என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டாராம். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஃபிரிட்ஜில் தூக்கம்

இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். குளிர்காலத்தில் இந்த ஆமை மூன்று மாதத்துக்கு மேல் தூங்கும். எங்கே தெரியுமா? ஃபிரிட்ஜில்! இதற்கென்றே பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கியிருக்கிறோம். ஐந்து டிகிரி இருக்க வேண்டும். பத்துக்கு மேல் போனால் விழித்துக்கொள்ளும். சைபருக்குக் கீழே போனால் கண்ணே போய்விடும். பாட்டி காலத்தில் மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு கார் ஷெட்டில் வைப்பார்கள். எலிக்கும் உறைபனிக்கும் பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

தூங்க வைக்கும் முன் மூன்று நாலு வாரம் தீனி போடாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து வயிற்றைக் காலி செய்ய வேண்டும். வயிற்றில் தீனி இருந்தால் அழுகிவிடும். தினமும் ஒருமுறை ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து காற்று விடவேண்டும். வாரம் ஒருமுறை எடை. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் எழுப்பிவிட வேண்டும். உடம்பு சரியில்லாத ஆமையைத் தூங்க வைக்கவே கூடாது. அதனால் ஐப்பசியில் ஒரு தடவை டாக்டரம்மாவிடம் காட்டிவிடுவோம்.

நம்மூர்ச் சகோதரிகளுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு, நாமும் ஒன்று வாங்கி வளர்க்கலாமே என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நம் நாட்டில் முதுகில் நட்சத்திரக் கோலம் போட்ட மாதிரி அழகான ஆமை உண்டு. நட்சத்திர ஆமை. வாஸ்துவுக்கு நல்லது, பணம் வரும் என்று சொல்லி ரகசியமாக விற்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஜெயிலுக்குப் போக நேரும். 2019-இல் உலக நாடுகள் கூடி, இந்த ஆமையின் வியாபாரத்துக்கு மிகக் கடுமையான தடை போட்டிருக்கின்றன. முள்ளுக்காட்டில் திரிய வேண்டிய ஜீவனை டிரங்குப் பெட்டியில் அடைத்தால் பணமா வரும்? தோட்டத்திலோ வயலிலோ அப்படி ஓர் ஆமையைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது போதும்.

இங்கிலாந்திலும் இந்த ஆமையை விற்பதென்றால் அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். பாட்டி எனக்குக் கொடுத்தது போலக் காசு வாங்காமல் கொடுத்தால் அது தேவையில்லை.

பாட்டியைப் பார்க்க மாதம் ஒருமுறை பங்குனியைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போவோம். இல்லத்தின் புல்வெளியில் அவர் காலடியில் அது மேயும். 2025 ஜனவரியில் பாட்டி காலமானார். அப்போது பங்குனி ஃபிரிட்ஜில் தூங்கிக்கொண்டிருந்தது. மார்ச் மாதம் அதை எழுப்பி வெயிலில் விட்டபோது, சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இல்லையே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, தோட்டத்தில் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டுப் போனார். அவருக்கு இப்போது அறுபது வயது. அவருக்கு வாங்கிய ஆமை.

இந்த இனம் நூறு வருஷம்கூட இருக்கும் என்கிறார்கள். அதனால் நானும் என் பெரியவளும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். அது எப்போது வந்தது, என்ன தின்னும், எது விஷம், ஈர மண் எப்படி இருக்க வேண்டும், ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரி என்று எல்லாம் தமிழில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம். ஈர மண் பற்றிய பக்கத்தில் 'நாகப்பட்டினம் பாட்டி சொன்னது' என்று என் மகளே தலைப்பு எழுதியிருக்கிறாள். எங்களுக்குப் பிறகு வாங்கிக்கொள்கிறவர் யாராக இருந்தாலும் நோட்டும் கூடவே போகும்.

நாய், பூனை, கிளி, மீன் எதை வளர்த்தாலும் சரி, சகோதரிகளே, ஒரு நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள். நமக்கு ஒருநாள் முடியாமல் போனால், அடுத்து எடுத்துக்கொள்கிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. வீட்டுக் கடனைப் பற்றி அத்தை கவலைப்பட்டாரே, அதையும் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் தவறாமல் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அமீனா இதுவரை வரவில்லை!

அன்புடன்,
ஒரு வாசகி, லெஸ்டர்